பனிக்காலமும் டயரின் அகலமும்

ஐப்பசி பிறந்துவிட்டால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். உள்ளூர் அன்பர்கள் மழையைப் பற்றி எழுதுவார்கள். கடல் கடந்து சென்ற நம் குடும்பத்தினர் குளிரைப் பற்றி எழுதுவார்கள். இம்முறை வந்தவற்றுள் ஒன்று, கனடா தேசத்தில் டொரண்டோ நகரை அடுத்து வசிக்கும் ஒரு தம்பதியரிடமிருந்து வந்தது. இவ்வாண்டு ஆனி மாதத்தில் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். வரப்போவது அந்நாட்டில் அவர்களுக்கு முதற் குளிர்காலம். பனிக்கால டயர் வாங்கச் சென்ற இடத்தில் கடைக்காரர் மூன்று அளவுகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, இம்மூன்றும் உங்கள் வண்டிக்குப் பொருந்தும், எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவை 225/45 ஆர்17, 205/55 ஆர்16, 195/65 ஆர்15.

கணவர் அகலமானதே வேண்டும் என்கிறார். கடைக்காரரோ கடைசியாக எழுதிய ஒல்லியான டயரையே சிபாரிசு செய்தாராம். மூன்றிலும் விலை குறைந்தது அதுதான். சந்தேகம் அங்கேதான் முளைத்திருக்கிறது. "விலை குறைந்ததை வாங்கு என்று விற்கிறவரே சொன்னால் அதை எப்படி நம்புவது? பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள் உட்காரும் வண்டி, அண்ணா. பணத்தை மிச்சம் பிடிக்கப் போய்ப் பிள்ளைகளை ஆபத்தில் வைத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது" என்று அந்தச் சகோதரி எழுதுகிறார். இதே கேள்வியை வெவ்வேறு வடிவில் நார்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் சென்ற ஆண்டுகளில் சிலர் கேட்டிருந்தமையால், இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கினேன்.

வெண்பனியைக் கண்ணால் கண்டிராத குப்பத்து ரயில்வே குமாஸ்தாவிடம் போய் இதைக் கேட்பானேன் என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். சக்கரம் தரையைப் பற்றும் விதிக்குக் கனடா என்றும் குப்பம் என்றும் பேதம் இல்லை. பாதிக்கு மேல் இது கூட்டல் பெருக்கல் கணக்கு. அது எனக்குத் தொழில். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கடைக்காரர் சொன்னது சரி. ஏன் சரி என்பதையும், எங்கே சரியாகாது என்பதையும் இனிப் பார்ப்போம்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்களை முதலில் படித்துக்கொள்வது நல்லது. 195/65 ஆர்15 91எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டர் கணக்கில். 65 என்பது, அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பதைக் குறிக்கும். ஆர் என்பது ரேடியல் என்னும் அமைப்பு. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது சுமைக் குறியீடு. அதற்குரிய சுமை டயர் ஒன்றுக்கு 615 கிலோ. எச் என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அந்த டயர் தாங்கும் என்பதைச் சொல்லுகிறது.

இனிக் கணக்கு. 195-இல் நூற்றுக்கு 65 என்றால் 126.75. மேலும் கீழுமாக இரண்டு சுவர், 253.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். கூட்டினால் சக்கரத்தின் முழு உயரம் 634.5 மில்லிமீட்டர். இதேபோல் 205/55 ஆர்16-க்குப் போட்டால் 631.9 வரும், 225/45 ஆர்17-க்கு 634.3 வரும். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். ஆகையினால்தான் மூன்றும் ஒரே வண்டியில் பொருந்துகின்றன. வேகமானியும் பொய் சொல்லாது. ரிம் சிறுத்தால் ரப்பர்ச் சுவர் உயர்கிறது, அகலம் குறைகிறது. அவ்வளவே வித்தியாசம்.

அகலமான டயர் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் வழுக்காது என்பதுதான் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் எண்ணம். பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் வண்டியைத் தாங்குவது ரப்பர் அன்று. உள்ளே அடைபட்ட காற்று. குடும்பத்துடன் 1,600 கிலோ எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்தின் பங்கு 400 கிலோ. காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. 400-ஐ 2.25-ஆல் வகுத்தால், தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 180 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரியது. நான்கு சக்கரங்களையும் சேர்த்தாலும், அலுவலகத்தில் நாம் எழுதும் ஏ-4 தாளைவிடக் கொஞ்சமே கூடுதலான இடந்தான். அந்தத் தாளளவு இடத்தை நம்பித்தான் நாம் பெண்டு பிள்ளைகளுடன் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம்!

டயர் அகலமானாலும் ஒல்லியானாலும், எடையும் காற்றழுத்தமும் ஒன்றாக இருக்கும்வரை இந்த 180 பெரிதும் மாறுவதில்லை. மாறுவது அதன் வடிவம். 22.5 சென்டிமீட்டர் அகலமுள்ள டயரில் அது 8 சென்டிமீட்டர் நீளமுள்ள குட்டையான பட்டையாக, வண்டிக்குக் குறுக்கே கிடக்கும். 19.5 சென்டிமீட்டர் டயரில் 9.2 சென்டிமீட்டர் நீளத்துக்கு, வண்டி போகும் திசையில் சற்று நீண்டு கிடக்கும். டயரின் ஓரங்கள் தரையில் படா என்பதால் உண்மையில் இரண்டுமே இன்னும் கொஞ்சம் நீளும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இது போதும். ஒல்லி டயர் தரையை அதிக அழுத்தத்தோடு அமுக்குகிறது, அதனால் பிடிக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். காற்றழுத்தம் ஒன்றாக இருக்கையில் அது பாதி உண்மையே. இரகசியம் இந்த வடிவத்தில் இருக்கிறது.

இவ்விடத்தில் பனி என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் தண்டவாளத்தின்மேல் முத்து முத்தாகப் படிந்திருக்கும் ஈரமும், ஏரிக்கரையை மறைக்கும் மூடுபனியுந்தான். அந்நாடுகளிலோ சாலையில் மூன்று விதமாக அது கிடக்கிறது. புதிதாகப் பெய்த வெண்பனி ஒன்று. உப்புத் தூவியதாலும் வண்டிகள் மிதித்ததாலும் பாதி உருகிக் கூழாகிவிட்ட பனிச்சேறு ஒன்று. உருகிய நீர் இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடிபோல் ஆகிவிட்ட பனிக்கட்டி மற்றொன்று. மூன்றிலும் டயரின் அகலம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

வெண்பனியில் ஓடும் சக்கரம் ஏர்போலத் தனக்கு முன்னால் ஒரு சால் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். சால் எவ்வளவு அகலமோ அவ்வளவு பனியை ஒதுக்கவோ அமுக்கவோ வேண்டும். ஒல்லி டயர் குறுகிய சால் போடுகிறது, எதிர்ப்பும் குறைவு. அத்துடன், தொடும் பட்டை நீளமாக இருப்பதால் அதன் முன்பகுதி பனியை அமுக்கி வழி செய்து கொடுக்க, பின்பகுதி அமுங்கிய பனியைப் பற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. பனிக்கால டயரின் பள்ளங்களில் பனி புகுந்து இறுகிக்கொள்ளும். பனியைப் பனிதான் நன்றாகப் பிடிக்கும். பனியுருண்டை உருட்டி விளையாடும் குழந்தைகளைக் கேட்டால் தெரியும். சுவீடன் நாட்டில் பனிச்சாலையில் நடக்கும் உலகக் கார்ப் பந்தயத்துக்கு வரும் வண்டிகள், தார்ச்சாலைப் பந்தயத்தில் போடும் அகன்ற டயர்களைக் கழற்றிவிட்டு, ஆணி பதித்த ஒல்லி டயர்களையே மாட்டிக்கொள்ளுகின்றன. பணத்துக்குக் குறைவில்லாத பந்தயக்காரர்கள் ஒல்லியைத் தேடுவது சிக்கனத்துக்காக இராது.

பனிச்சேறுதான் அகன்ற டயருக்குப் பெரும்பகை. இதனைப் புரிந்துகொள்ள நம் ஊர் மழையே போதும். சாலையில் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 225 அகல டயர் ஒன்று, ஒவ்வொரு வினாடியும் 15 லிட்டர் தண்ணீரைத் தன் வழியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். ஏறக்குறைய ஒரு குடம்! கண் இமைத்துத் திறப்பதற்குள் ஒரு குடம் தண்ணீரை ஒரு சக்கரம் தள்ளியாக வேண்டும். 195 அகல டயருக்கு அது 13 லிட்டர். தள்ள முடியாமற் போனால் தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்புப்போல் நுழைந்து, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். பிறகு பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. வண்டி ஓடமாக மிதக்கும். பனிச்சேறு தண்ணீரைவிடத் தடித்தது. ஒதுங்குவதற்கு இன்னும் சோம்பல்படும்.

அமெரிக்காவின் நாசா நிறுவனத்தார் விமானச் சக்கரங்களை வைத்து இந்த மிதப்பை ஆராய்ந்து 1963-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், எத்தனை மைல் வேகத்தில் சக்கரம் மிதக்கத் தொடங்கும் என்பது தெரியும் என்று ஒரு சூத்திரம் பிறந்தது. அழுத்தம் 32 பவுண்டானால் மணிக்கு 94 கிலோமீட்டர். கவனக்குறைவினால் அது 24 பவுண்டுக்கு இறங்கியிருந்தால் 82 கிலோமீட்டர். அகலம் இந்தச் சூத்திரத்தில் இல்லை. தொடும் பட்டையின் நீள அகல விகிதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. கார் டயர் தேய்ந்திருந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதந்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

நம் பகுதி இளைஞர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. 165 அகல டயருடன் வந்த சிறிய காரில் 205 போட்டு, பளபளக்கும் அலாய் வீலும் மாட்டி, கிருஷ்ணகிரி சாலையில் பறக்கிறவர்களைப் பார்க்கிறேன். அழகுதான், மறுக்கவில்லை. வெயிற்காலத்தில் வளைவுகளில் சற்று நன்றாகவும் நிற்கும். ஐப்பசி கார்த்திகை மழையில், கிரானைட் லாரிகள் உதிர்த்த தூசியும் எண்ணெயும் தண்ணீரோடு குழைந்து கிடக்கும் சாலையில், அந்த அகலம் அவர்களுக்கு உதவாது. மொகிலி கணவாயில் இரவு மழையில் இறங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்கினால் நல்லது. மொட்டை டயருடன் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை; போலீஸார் சொல்லுவார்கள்.

நிற்க. அகலம் கூடாது என்பது எல்லா இடத்துக்கும் உரிய விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சக்கரம் தோண்டிக்கொண்டு போனால் அடியில் கெட்டித் தரை கிடைக்கும் என்ற இடத்தில்தான் ஒல்லி டயர் ஜயிக்கும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிராமங்களின் சேற்று வழிகளில் ஓடிய ஃபோர்டு மாடல்-டி கார்களின் டயர் மூன்றரை அங்குல அகலத்துக்கு மேல் இல்லை. சேற்றைக் கிழித்துக்கொண்டு அடித்தரையைத் தொட்டுவிடும். அடித்தரையே கிடைக்காத இடத்தில் மிதந்துதான் போக வேண்டும். ஒட்டகத்தின் பாதம் அகன்றிருப்பது மணலில் புதையாமல் இருப்பதற்காக. நாற்றங்காலில் இறங்கும் டிராக்டருக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவதும் அதற்காகவே. ஐஸ்லாந்து தேசத்தில் பனிமலைகளின்மேல் போகும் ஜீப்புகளுக்கு ஆளுயரத்தில் பாதிக்கு மேல் வரும் ராட்சத டயர்களைப் போட்டு, காற்றையும் மிகக் குறைத்துவிடுகிறார்கள். பனியின் ஆழம் வண்டியின் வயிற்றைத் தட்டும் அளவுக்கு இருந்தால் அந்த வழிதான். நகராட்சியார் அவ்வப்போது பனியை வழித்து ஒதுக்கும் டொரண்டோ வீதிகளில் நம் தம்பதியருக்கு அந்நிலை எப்போதோ ஒருமுறை வரலாம். அன்று வீட்டிலேயே இருந்துவிடுவது உசிதம்.

மூன்றாவதாகப் பனிக்கட்டி. இதிலே அகலத்தினால் ஆகக்கூடியது சொற்பம். ஒதுக்குவதற்குப் பனியும் இல்லை, சேறும் இல்லை. ரப்பருக்கும் கட்டிக்கும் நேரடி யுத்தம். இங்கே என் இலாகாவிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். குப்பம் வழியாக நாள்தோறும் ஓடும் மின்சார எஞ்சின்களில் ஒரு வகையான டபிள்யூஏபி-7 என்பதன் எடை 123 டன். 12 சக்கரங்கள், சக்கரத்துக்குப் பத்து டன்னுக்குச் சற்று மேல். சக்கரம் கைவிரல்கள் விரிந்த அளவு அகலமாகத் தெரிந்தாலும், தண்டவாளத்தைத் தொடும் இடம் கட்டைவிரல் நகத்தளவுதான். அந்த நகத்தளவு இடத்தில் பலத்த மழை பெய்தால்கூட அவ்வளவு தொல்லை இல்லை, தண்டவாளம் கழுவப்பட்டுவிடும். விடியற்காலைப் பனியோ சிறு தூறலோ விழுந்து, பழைய தூசியும் துருவும் ஈரமாகிக் குழைந்திருக்கும் வேளைதான் பொல்லாதது. ஜோலார்ப்பேட்டையிலிருந்து எங்கள் நிலையம்வரை ஏற்றம். அந்த ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால் எஞ்சின் ஓட்டுநர் ஒரு விசையை அழுத்துவார். பெட்டியிலிருந்து காய்ந்த மணல் குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் விழும். நூறு வருஷத்துக்கு மேலாக இதுதான் வைத்தியம். சக்கரத்தை அகலமாக்கலாமே என்று யாரும் சொன்னதில்லை. தொடும் இடத்தில் என்ன பொருள் இருக்கிறது என்பதே அங்குள்ள கேள்வி.

டயருக்கும் அப்படியே. பனிக்கட்டியில் காப்பாற்றுவது ரப்பரின் சரக்கு. சாதாரண டயரின் ரப்பர், வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகப் போக விறைத்துக்கொண்டு வரும். தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படியாது. பனிக்கால டயருக்கென்று கலக்கும் ரப்பர் அக்குளிரிலும் மிருதுவாகவே இருக்கும். அதன் மேற்பரப்பிலே கத்தியால் கீறியதுபோல் நுண்ணிய வெட்டுகள் ஏராளமாக இருக்கும். அவை ஒவ்வொன்றும் ஒரு விளிம்பாகி, கட்டியைச் சுரண்டிப் பிடிக்கும். இவ்வகை டயரின் தாயகம் பின்லாந்து. அங்கே 1934-இல் லாரிகளுக்கும், 1936-இல் ஹக்கபெலிட்டா என்ற பெயரில் கார்களுக்கும் முதன்முதலாகச் செய்தார்கள். நம் இந்தியாவிலும் டயர்த் தொழில் சிறியதன்று. பழைய சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்த சின்னப்பாண்டூரில், அதாவது 2022 முதல் திருப்பதி ஜில்லாவில் இருக்கும் ஊரில், 2020-இல் ஒரு பெரிய டயர்த் தொழிற்சாலை வேலையைத் தொடங்கியது. இங்கே பனிக்கால டயர் வாங்குவோர் அரிதாகையால் கடைகளில் அதைக் காண்பது துர்லபம்.

ஆகவே கணவர் மனைவி இருவரும் அகலத்தைப் பற்றி வாதாடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. டயரின் பக்கச்சுவரில், மூன்று சிகரங்களையுடைய மலை ஒன்றும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்க வேண்டும். அது இருந்தால், பனியில் சோதித்துத் தேறிய டயர் என்று பொருள். எம், எஸ் என்ற இரண்டு எழுத்துகள் மாத்திரம் இருந்தால் போதாது. அவை சேறும் பனியும் என்பதன் சுருக்கமேயன்றி, சோதனைக்குச் சாட்சி அல்ல. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் அவ்விரண்டு எழுத்துகளை மட்டும் உடைய டயர், பனிச்சாலையில் சட்டப்படி பனிக்கால டயராகக் கொள்ளப்படுவதில்லை. மலைச் சின்னம் இல்லாத ஒல்லி டயரைவிட, சின்னமுள்ள அகன்ற டயர் பனியில் பன்மடங்கு மேல். வரிசை இதுதான்: முதலில் ரப்பர், அடுத்தது காற்றழுத்தமும் பள்ளத்தின் ஆழமும், அதற்கும் அடுத்ததே அகலம்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறு. கனடாவிலேயே கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் பனிக்கால டயர் கட்டாயம். 2019-க்குப் பிறகு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை என்று தேதி வகுத்திருக்கிறார்கள். டொரண்டோ இருக்கும் ஒண்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல், பனிக்கால டயர் போட்டவர்களுக்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தில் சலுகை தரவேண்டும் என்பது அம்மாகாணத்து விதி. புதிதாகச் சென்றவர்களில் பலர் இதைக் கேட்டுப் பெறுவதில்லை. ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கேளுங்கள். நார்வேயில் குளிர்காலத்தில் டயரின் பள்ளம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இங்கிலாந்தில் இவ்வகைச் சட்டமே இல்லை. லண்டனிலுள்ள நம்மவர்கள் அவரவர் புத்தியைக் கொண்டு நடக்க வேண்டியதுதான்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதியில் நின்றதாகும். வெதுவெதுப்பான பட்டறையில் 25 டிகிரி வெப்பத்தில் 32 பவுண்டு அடைத்த டயரை, வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 15 டிகிரிக் குளிரில் இரவெல்லாம் நிறுத்தினால், காலையில் அழுத்தம் ஏறக்குறைய 26 பவுண்டாக இருக்கும். ஓட்டை ஏதும் இல்லை. குளிரில் காற்று சுருங்குகிறது. பஞ்சர் என்று எண்ணிக் கடைக்கு ஓட வேண்டாம், சரியாகத்தான் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடவும் வேண்டாம். குளிர்காலத்தில் மாதம் இரண்டு முறையேனும், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் வேளையில் அளந்து, ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் கண்டபடி நிரப்ப வேண்டும். காற்றைக் குறைத்தால் பனியில் நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் யோசனை சொல்லுவார்கள். அது ஐஸ்லாந்து ஜீப்பின் வழக்கம். நெடுஞ்சாலையில் போகும் குடும்பக் காருக்கு அது விபரீதம்.

இனி அந்தத் தம்பதியருக்கு நேரடியான பதில். தங்கள் வண்டி இப்போது 17 அங்குல ரிம்மில் ஓடுகிறது. அதே ரிம்மில் டயரை மட்டும் மாற்றினால், ஒவ்வோர் ஆண்டும் இரண்டு முறை கழற்றி மாட்டும் கூலியும், ரிம்மின் ஓரத்துக்குச் சேதமும் உண்டாகும். 15 அங்குல இரும்பு ரிம் நான்கும், 195/65 ஆர்15 அளவில் மலைச் சின்னமுள்ள டயர் நான்கும் தனியாக வாங்கிவிடுங்கள். சாலையில் தூவும் உப்பு அழகான அலாய் ரிம்மை அரித்துவிடும். இரும்பு ரிம் துருப்பிடித்தாலும் மனம் நோகாது. உயர்ந்த ரப்பர்ச் சுவர் இருப்பதால், பனி மூடிய குழியில் இறங்கினாலும் ரிம் அடிபடுவது குறையும். பனிக்காலத்தில் ஓடாத கோடை டயர்கள் அவ்வளவு காலம் தேயாமல் இருக்குமாதலால், இதைச் செலவு என்று மட்டும் எண்ண வேண்டாம்.

ஆனால் பணம் கொடுக்குமுன் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள். முதலாவது, 15 அங்குல ரிம்முக்குள் தங்கள் வண்டியின் முன் பிரேக் அடங்குமா? ஒரே பெயருள்ள காரிலும் எஞ்சின் பெரிதாக உள்ளவற்றில் பிரேக் பெரிதாக இருக்கும்; ரிம் உராயும். மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அடங்காவிட்டால் நடுவிலுள்ள 205/55 ஆர்16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்; நஷ்டம் ஒன்றுமில்லை. வண்டியின் கையேட்டில் அனுமதித்த அளவுகளுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். ஒல்லி நல்லது என்றால் அதைவிட ஒல்லி அதைவிட நல்லது என்று கணக்கு ஓடாது; காய்ந்த சாலையில் திடீரென்று பிரேக் போடும்போது அந்தக் குறை தெரிந்துவிடும், கனடாவிலும் குளிர்காலத்துப் பல நாட்கள் சாலை காய்ந்துதான் கிடக்கிறது. இரண்டாவது கேள்வி, புதிய டயரின் சுமைக் குறியீடு, கதவுச் சீட்டில் கண்டதற்குக் குறையாமல் இருக்கிறதா என்பது. ஊரிலிருந்து தாய் தந்தையர் வந்து, விமான நிலையத்திலிருந்து பெட்டிகளோடும் ஊறுகாய் ஜாடிகளோடும் ஏறும் நாளை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

நான்கும் வாங்குங்கள் என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். முன்சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது, இரண்டு போதாதா என்று சிக்கனம் பார்க்கிறவர்கள் உண்டு. இரண்டு முன்சக்கரங்களுக்கு மட்டும் நல்ல பிடிப்பு இருந்து பின்சக்கரங்கள் விறைத்த ரப்பரோடு இருந்தால், பிரேக் போட்டதும் வண்டியின் பின்பாகம் சுழன்று முன்னால் வந்துவிடும். குழந்தைகள் இருப்பது அந்தப் பின்பாகத்தில்.

பழையதாக விற்கும் பனிக்கால டயர்களை வாங்குவோர், ஓர் அளவுகோலைக் கையோடு எடுத்துச் செல்லட்டும். பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரைப் பனிச்சாலையில் நம்பவேண்டாம் என்பது கனடா அரசின் போக்குவரத்து இலாகா கூறும் யோசனை. பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். 3522 என்றால் 2022-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பள்ளம் ஆழமாக இருந்தும் வயது முதிர்ந்த டயர் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தாலே ஓரளவு தெரியும்.

மாற்றும் காலம், முதற்பனி விழும் நாள் அன்று. அன்று கடை வாசலில் நிற்க இடம் இராது. காலை நேரத்து வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழே வரத் தொடங்கியதும் மாற்றிவிட வேண்டும். டொரண்டோவில் அது பெரும்பாலும் தீபாவளியை ஒட்டி வரும் என்று அங்குள்ள அன்பர்கள் எழுதுகிறார்கள். பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால், வண்டி முன்னோக்கிப் போகையில் சக்கரம் அத்திசையிலேயே சுழலுமாறு மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கழற்றிய கோடை டயர்களில் முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம் என்று சாக்கட்டியால் எழுதி, வெயிலும் எண்ணெயும் படாத இருட்டறையில் வையுங்கள். புதிய ரிம் மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியபின், சக்கரத்தின் நட்டுகளை மறுபடியும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும்.